தாடை தொங்குது: ஊசியா, சத்திரசிகிச்சையா?

அக்கா, தையில மகளின்ர கலியாணம், தாடையும் கழுத்தும் தொங்குது, பிரஷர் குளிசை போடுறன், கிளிநொச்சி பார்லரில ஊசி போடச் சொல்லுகினம் எண்டு எழுதியிருந்தீங்கள்.

நெற்றிக்கோடும் கழுத்துத் தொங்கலும் வேற வேற பிரச்சினை. பொட்டொக்ஸ் ஊசி தசையைத் தளர்த்தும். அதால நெற்றி, புருவ நடுக்கோடு குறையும். பலன் முழுசாத் தெரிய இரண்டு கிழமை, நிற்கிறது 3-4 மாதம். ஃபில்லர் எண்ட மற்ற ஊசி குழிவை நிரப்பும். தளர்ந்த கழுத்துத் தோலை இரண்டும் இழுத்துத் தராது. அதுக்கு ஃபேஸ்லிஃப்ட் எண்ட சத்திரசிகிச்சைதான். காதோரம் வெட்டி, உள்திசுவையும் சேர்த்து இழுத்துத் தைப்பினம்; பல வருசம் நிற்கும். வீக்கமும் கண்டலும் இரண்டு மூன்று கிழமை இருக்கும், தழும்பு மங்க மாதங்கள் எடுக்கும்.

அதால கலியாணத்துக்கு முன்னம் வெட்ட வேண்டாம். நெற்றிக்கோடு உறுத்தினா, ஒரு மாதம் முன்னம் பொட்டொக்ஸ் மட்டும் போடுங்கோ.

ஆனா பார்லரில வேண்டவே வேண்டாம். ஃபில்லர் இரத்தக்குழாய்க்குள்ள போனா தோல் செத்துப்போகும், கண்பார்வைகூடப் போகலாம். அந்த நேரம் உடன கரைக்கிற மருந்து போட வைத்தியர் வேணும். அவருக்கு இலங்கை மருத்துவ சபையில பதிவிருக்கோ எண்டு கேளுங்கோ.

கனடாத் தம்பி காசு அனுப்பினா, கலியாணம் முடிய கொழும்பில பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரைப் பாருங்கோ. பிரஷர் அடங்காட்டி வெட்டினாப் பிறகு தோலுக்கடியில இரத்தம் கட்டலாம். அஸ்பிரின் எடுத்தா வைத்தியரிட்டச் சொல்லுங்கோ, நீங்களா நிப்பாட்டாதேங்கோ. வெட்டினதும் ஊருக்கு ஏ-9 வீதி பஸ்ஸில ஏறாம, தையல் வெட்டும்வரை அங்கையே சொந்தக்காரர் வீட்டில நில்லுங்கோ.