இத்தாலியக் குடும்பக் கடை: எதை அங்கே வாங்கலாம், எதற்கு சூப்பர் மார்க்கெட் போதும்?

கேள்வி: அமெரிக்காவில் நியூஜெர்சியில் இருக்கிறோம். பக்கத்தில் ஓர் இத்தாலியக் குடும்பம் மூன்று தலைமுறையாக மளிகைக் கடை நடத்துகிறது. சரக்கை அவர்களே இத்தாலியிலிருந்து தருவிக்கிறார்கள். பல பொருட்கள் சூப்பர் மார்க்கெட்டைவிட இரண்டு மடங்கு விலை. கொடுக்கிற காசுக்குத் தகுமா? வாரம் ஒருமுறையாவது பாஸ்தா செய்கிறோம். நாங்கள் சைவம்.

பதில்: சைவம் என்பதைக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அந்த மாதிரிக் கடைகளின் பெருமையே பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸ்தான். ஆனால் அது சைவம் இல்லை. பாலை உறைய வைக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னட்டைத்தான் சேர்க்க வேண்டும் என்பது அதன் தயாரிப்பு விதி. அதைப் போன்ற இன்னொரு கெட்டி சீஸான கிரானா படானோவிலும் விலங்கு ரென்னட் உண்டு. செம்மறியாட்டுப் பாலில் செய்யும் பெக்கோரினோ ரொமானோவில் ஆட்டுக்குட்டியிடமிருந்து எடுத்த ரென்னட். பார்மேசன் என்ற பெயரில் அமெரிக்காவில் விற்கும் சீஸில் எந்த ரென்னட் போட்டிருந்தாலும் லேபிளில் 'என்சைம்ஸ்' என்று மட்டும் போட அமெரிக்க விதி இடம் கொடுக்கிறது. அதனால் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் படித்தாலும் பல சமயம் விடை கிடைக்காது. சைவக் குடும்பங்கள் இது தெரியாமலே வாங்கிச் சாப்பிடுவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

குடும்பக் கடையின் அருமை இங்கேதான் தெரியும். சரக்கைத் தருவித்தவரோ அவர் பிள்ளையோ கவுன்டரில் நிற்பார். "விலங்கு ரென்னட் போடாத கெட்டி சீஸ் எது?" என்று நேராகவே கேளுங்கள். தாவர ரென்னட்டோ, நுண்ணுயிரிகளிலிருந்து எடுத்த மைக்ரோபியல் ரென்னட்டோ போட்டுச் செய்தவை உண்டு. பாஸ்தாமேல் துருவிப் போட நன்றாகவே இருக்கும். மஸ்கர்போனே என்ற க்ரீம் போன்ற சீஸ் பொதுவாக சிட்ரிக் அமிலத்தில் திரிப்பது, கவலையில்லை. ரிக்கோட்டா அப்படி இல்லை. வேறொரு சீஸ் எடுத்த பிறகு மிஞ்சும் தண்ணீரில் அதைச் செய்வது வழக்கம்; அந்த சீஸுக்கு விலங்கு ரென்னட் போட்டிருக்கலாம். அதையும் கேட்டே வாங்குங்கள். அப்புறம் பாஸ்தாவில் கலக்கும் பெஸ்டோ என்ற துவையல்: பச்சையாக, துளசி வாசனையோடு இருப்பதால் சைவம் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். ஜெனோவா முறையில் அரைத்ததில் பார்மிஜானோவும் பெக்கோரினோவும் இருக்கும்.

வீட்டில் யாருக்காவது ரென்னட் பற்றிக் கவலையில்லை என்றால், பார்மிஜானோவுக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் தவறே இல்லை. சக்கர வடிவில் செய்யும் முழு சீஸ் ஒன்று சுமார் 40 கிலோ; அதற்கு ஏறக்குறைய 550 லிட்டர் பால் வேண்டும்; குறைந்தது 12 மாதம் முதிர வைக்க வேண்டும். கண்ணெதிரே சக்கரத்திலிருந்து உடைத்துத் தரச் சொல்லுங்கள். விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பெயர் குத்தியிருக்கும். உடைத்த இடத்தில் வெள்ளை வெள்ளையாகக் கடுகளவு மணிகள் தெரிந்தால் நன்றாக முதிர்ந்தது என்று பொருள். அவை பல்லில் நறநறவென்று கடிபடும். அமெரிக்காவில் வெறும் 'பார்மேசன்' என்ற பெயரை எந்த ஊரில் செய்த சீஸுக்கும் வைக்கலாம். துருவிய டப்பாக்களில் கட்டிபிடிக்காமல் இருக்க செல்லுலோஸ் என்ற தாவர நாரைக்கூடச் சேர்ப்பார்கள்.

ஆலிவ் எண்ணெயையும் நான் அங்கேதான் வாங்கச் சொல்வேன், ஆனால் சின்ன பாட்டிலாக. இத்தாலியில் அறுவடை பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. எண்ணெய் புதிதா என்று தெரிந்துகொள்ள எந்த ஆண்டு அறுவடை என்று பாருங்கள், லேபிளில் இல்லையென்றால் கேளுங்கள். இத்தாலியப் பெயர் தாங்கிய பாட்டிலின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஸ்பெயின், கிரீஸ், துனிசியா என்று இருக்கலாம். அது கெட்ட எண்ணெய் என்று சொல்லவில்லை. அதற்கு இத்தாலிய விலை கொடுக்க வேண்டாம். நல்ல எக்ஸ்ட்ரா வர்ஜின் ஆலிவ் எண்ணெயைத் தாளிக்கப் பயன்படுத்தாதீர்கள், வாசனை போய்விடும். இறக்கிய பிறகு மேலே ஊற்றுங்கள்.

தக்காளி டின்னில் சான் மார்சானோ என்ற இத்தாலியத் தக்காளி வகையின் பெயரைப் பார்த்தால், அது சொன்ன ஊரில்தான் விளைந்தது என்று உறுதி சொல்லும் டிஓபி முத்திரையைத் தேடுங்கள். அசல், தோலுரித்த முழுப் பழமாகவோ நீளவாக்கில் பிளந்தோதான் வரும். நசுக்கியோ பொடியாக நறுக்கியோ இருந்தால் அந்த விலை வேண்டாம்.

உலர்ந்த பாஸ்தாவுக்கு சூப்பர் மார்க்கெட் போதும். இத்தாலியில் உலர் பாஸ்தாவை டியூரம் என்ற கெட்டியான கோதுமையில்தான் செய்ய வேண்டும் என்று 1967-லேயே சட்டம் வந்துவிட்டது. அதனால் அங்கிருந்து வரும் சாதாரண பாக்கெட்டே தரமாக இருக்கும். கூடு போலச் சுருட்டி வைத்த டாலியாட்டெல்லே வகைகளில் மட்டும் முட்டை சேர்த்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.