டிஸ்கஸ் தொட்டிக்குள் யாரை விடலாம்?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: தட்டு மாதிரி வட்டமான அமேசான் மீனான டிஸ்கஸோடு வேறு என்ன மீன் விடலாம்? கடையில் கேட்டால் 'எல்லாம் சேரும் சார்' என்பார்கள். சேராது. டிஸ்கஸுக்கு 28 முதல் 30 டிகிரி வரை சூடான தண்ணீர் வேண்டும், இரை தின்பதிலும் அது பயங்கர நிதானம். இந்தச் சூட்டைத் தாங்க வேண்டும், டிஸ்கஸின் இரையைப் பிடுங்கித் தின்னவும் கூடாது. இந்த இரண்டிலும் தேறுகிற மீன் கொஞ்சம்தான்.

அண்ணா, மூன்றடித் தொட்டியில் நாலு டிஸ்கஸ் இருக்கு. ஏஞ்சல் ஒரு ஜோடி, கொஞ்சம் கப்பி விடலாமா? (அம்மாபேட்டை)

வேண்டாம் தம்பி. உங்கள் தொட்டி மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் ஏறக்குறைய 190 லிட்டர். வளர்ந்த டிஸ்கஸ் ஒன்றுக்கு 40 லிட்டர் என்பது எங்கள் பொதுக் கணக்கு, அதனால் இருக்கிற நாலுக்கே அது சரியாகப் போய்விட்டது.

இடம் இருந்தாலும் ஏஞ்சலை நான் விடமாட்டேன். அதுவும் அமேசான் மீன்தான், சூட்டையும் தாங்கும், பார்க்கவும் சொந்தக்காரன் மாதிரிதான் இருக்கும். ஆனால் இரை போட்டதும் பாய்ந்து வந்து முடித்துவிடும், டிஸ்கஸ் யோசித்துக்கொண்டே நிற்கும். தன் உடம்பில் தெரியாமலே செவுள் புழுவைச் சுமந்து வந்து டிஸ்கஸுக்குக் கொடுத்துவிடவும் செய்யும். ஒரு கடையிலிருந்து இரண்டு ஏஞ்சல் வாங்கி வந்து அன்றைக்கே தொட்டியில் விட்டவன் நான், மூன்று வாரத்துக்குள் என் மூன்று டிஸ்கஸும் ஒரு பக்கச் செவுளை மூடிக்கொண்டு மூலையில் ஒதுங்கின, ஒன்றுதான் பிழைத்தது. கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை, தனித்தொட்டியில் வைத்துப் பார்க்காதது என் தப்பு. கப்பிக்கு உப்புத்தன்மையுள்ள கடினத் தண்ணீர்தான் பிடிக்கும், அதை வேறு வாளியில் வளருங்கள்.

நியானா, கார்டினலா? (அஸ்தம்பட்டி)

கார்டினல். இரண்டும் ஒன்றுபோல இருக்கும் சின்ன டெட்ரா மீன்கள், நியானுக்குச் சிவப்புக் கோடு பாதி உடம்பில் தொடங்கும், கார்டினலுக்கு அடிவயிறு முழுக்க ஓடும். நியான் குளிர்ச்சி விரும்பி, 29 டிகிரியில் வைத்தால் சீக்கிரம் தளர்ந்துவிடும். கார்டினல், டிஸ்கஸும் வாழ்கிற ரியோ நெக்ரோ ஆற்றுப் பக்கத்து மீன், அந்தச் சூடு அதற்குப் பழக்கம்தான். ஐந்தாறு வாங்காதீர்கள், பதினைந்து இருபதாக வாங்குங்கள், அதுவும் ஓரளவு வளர்ந்ததாக. குட்டிக் கார்டினலை வளர்ந்த டிஸ்கஸ் காலை டிபனாக எடுத்துக்கொள்ளும். ரம்மிநோஸ் டெட்ராவும் நல்ல துணை, கூட்டமாக ஓடுகிற அழகுக்கே விடலாம்.

கண்ணாடியைச் சுத்தம் செய்யச் சக்கர் மீன் விடலாமா சார்? (ஆத்தூர்)

கடையில் விரலளவு இருக்கிற அந்தச் சக்கர் ஓர் அடிக்கு மேல் வளரும். சின்னதாக இருக்கும்வரை பாசி தின்னும், வளர்ந்தபின் ராத்திரியில் டிஸ்கஸின் அகலமான உடம்பில் ஒட்டிக்கொண்டு மேல்தோலின் வழுவழுப்பை உறிஞ்சும். டிஸ்கஸுக்கு அந்த வழுவழுப்புதான் உயிர், தாய் மீனும் தகப்பன் மீனும் குஞ்சுகளுக்கு முதல் உணவாகக் கொடுப்பதே அதைத்தான். காலையில் வட்ட வட்டமாகக் காயம் தெரிந்தால் யார் வேலை என்று தேடவே வேண்டாம். பதிலுக்குப் பிரிசில்நோஸ் என்கிற சின்ன வகைச் சக்கர் ஒன்று விடுங்கள், அரையடியைத் தாண்டாது. ஏற்கெனவே சக்கர் வாங்கிவிட்டீர்களா? கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், தயவுசெய்து மூக்கனேரியிலோ ஊர்க் குளத்திலோ விட்டுவிடாதீர்கள், அது உள்ளூர் மீனை இருக்க விடாது.

ஏற்காட்டில் இருக்கிறோம். டிஸ்கஸ், கோரிடோரஸ் இரண்டும் வைக்க ஆசை. முடியுங்களா?

முடியும், கரண்ட் பில் கட்ட மனசிருந்தால். டிசம்பர் இரவில் உங்கள் வீட்டுத் தண்ணீரை 29 டிகிரிக்கு ஏற்றுவது லேசான வேலை இல்லை. 250 லிட்டர் தொட்டிக்கு 200 வாட் ஹீட்டர் இரண்டு போடுங்கள், ஒரே பெரிய ஹீட்டர் வேண்டாம். பெரியது ஒன்று மட்டும் இருந்து, அணையாமல் மாட்டிக்கொண்டால் மீன் வெந்துவிடும், அந்த ஹீட்டரே செத்துப்போனால் மீன் குளிரில் விறைத்துவிடும். இரண்டு இருந்தால் ஒன்று கெட்டாலும் சமாளிக்க நேரம் கிடைக்கும். தொட்டியின் பின்புறமும் பக்கங்களிலும் தெர்மகோல் ஒட்டுங்கள், கரண்ட் போனால் கம்பளி போர்த்துங்கள்.

கோரிடோரஸ் தரையில் மேய்கிற சின்ன மீசை மீன், அதில் ஸ்டெர்பாய் வகை மட்டும் வாங்குங்கள், ஆறு ஏழாக. மற்ற வகை பெரும்பாலும் குளிர்ச்சி கேட்கும். அதற்கு மணல் தரை வேண்டும், கூர்மையான கல் மீசையைத் தேய்த்துவிடும். மனசில் பட்டதைச் சொல்லவா? ஊரே குளிர்ந்த தண்ணீரைச் சும்மா கொடுக்கும்போது கோல்ட்ஃபிஷ் வைத்தால் ஹீட்டரே வேண்டாம், அதன் நிறமும் அங்கே நன்றாக வரும். டிஸ்கஸோடு மட்டும் கோல்ட்ஃபிஷ்ஷைச் சேர்த்துவிடாதீர்கள்.

ஃப்ளவர்ஹார்ன்? டைகர் பார்ப்? ராம்? (சூரமங்கலம்)

ஃப்ளவர்ஹார்ன் கொன்றுவிடும். டைகர் பார்ப் துடுப்பைக் கடிக்கும். ஜெர்மன் ப்ளூ ராம் ஒரு ஜோடி தாராளமாக விடலாம், சூட்டில்தான் அது நன்றாக இருக்கும், முட்டை போட்டால் மட்டும் கொஞ்சம் விரட்டும்.

கொளத்தூரிலிருந்து மீன் வருகிறது. நேராக விடலாமா?

நம் மேட்டூர்ப் பக்கத்துக் கொளத்தூர் இல்லை, சென்னைக் கொளத்தூர் என்று எடுத்துக்கொள்கிறேன். எங்கிருந்து வந்தாலும் நாலு முதல் ஆறு வாரம் தனித்தொட்டி. அதற்கு வலை, குழாய், வாளி எல்லாம் தனி. கடைசி வாரத்தில் உங்கள் டிஸ்கஸில் ஒன்றை, இருப்பதில் விலை குறைந்ததாகப் பார்த்து, அந்தப் புது மீன்களோடு விட்டுப் பாருங்கள். அது கறுக்காமல், இரையை மறுக்காமல் இருந்தால்தான் மற்றதைச் சேர்க்க வேண்டும். கல்நெஞ்சம் என்று என் வீட்டில் திட்டு வாங்கியிருக்கிறேன், ஆனாலும் அப்படித்தான் செய்கிறேன்.

அழகுக்குச் சேலம் சுண்ணாம்புக் கரட்டு வெள்ளைக்கல் போட்டிருக்கேன். டெட்ரா அடிக்கடி சாகுது, ஏன்? (ஓமலூர் ரோடு)

கல்லை எடுங்கள். அது மேக்னசைட் என்கிற தாது, மென்மையான தண்ணீரில் மெல்லக் கரைந்து கடினத்தை ஏற்றும், டெட்ராவுக்கு அது ஆகாது. வினிகர் ஊற்றினேன், நுரைக்கவில்லை, அதனால் நல்ல கல் என்று எழுதியிருக்கிறீர்கள். சுண்ணாம்புக்கல் நுரைக்கும், மேக்னசைட் குளிர்ந்த வினிகரில் ஏறக்குறைய நுரைக்காது, அந்தச் சோதனை இங்கே ஏமாற்றும். அப்புறம், போர் தண்ணீரா மேட்டூர் தண்ணீரா என்று நீங்கள் சொல்லவில்லை. போர் என்றால் கல்லை எடுத்தும் பாதிதான் தீரும், ஆர்ஓ தண்ணீர் கலந்து டிடிஎஸ் மீட்டரில் (தண்ணீரில் கரைந்த உப்பை அளப்பது) பார்த்துவிட்டு எழுதுங்கள்.