தொட்டிப் பக்கம் மருந்து வாடை, கடைசித் தெருவில் குளோரினே இல்லை: என்ன செய்வது?

கேள்வி: எங்கள் ஊராட்சியில் 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி. டேங்க் ஆபரேட்டர் கைக்கணக்கில் பிளீச்சிங் பவுடர் போடுகிறார். பக்கத்துத் தெருவில் நாற்றம் என்று சண்டை. கடைசித் தெருவில் சோதித்தால் குளோரின் இல்லை. எத்தனை கிராம் போடலாம்?

பதில்: கிராம் கணக்குக்கு முன்னால், பவுடரை நேரே தொட்டிக்குள் கொட்டுவதை நிறுத்துங்கள். அதில் உள்ள சுண்ணாம்பு கரையாமல் அடியில் படியும். வால்வைத் திறந்ததும் அடியில் கிடக்கும் காட்டமான நீர் முதல் தெருவுக்குப் போய்விடும். பின்னால் வருவது வெறும் தண்ணீர்.

1,000 லிட்டருக்கு 4 கிராம், அதாவது உங்கள் தொட்டிக்கு 120 கிராம் என்பது வழக்கமான கணக்கு. பவுடரில் 33 சதவீதம் குளோரின் இருந்தால்தான் அது சரிவரும். பிரித்துப் போட்டு இரண்டு மாதமான மூட்டையில் அவ்வளவு இருக்காது. எனவே வாளிச் சோதனை செய்துவிடுங்கள். 30 கிராம் பவுடரைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து 1 லிட்டராக்கித் தெளியவிடுங்கள். போர் தண்ணீர் பிடித்த நான்கு 20 லிட்டர் வாளிகளில், மேல் தெளிவைச் சிரிஞ்சால் 2, 4, 6, 8 மி.லி. விட்டுக் கலக்கி மூடுங்கள். அரை மணி கழித்துச் சோதனைப் பெட்டியால் பாருங்கள்; எந்த வாளி லிட்டருக்கு 0.5 மி.கி. குளோரின் காட்டுகிறதோ அதுதான் உங்கள் அளவு. உங்கள் தொட்டி 1,500 வாளிக்குச் சமம். 4 மி.லி. வாளி என்றால், தொட்டிக்கு 6 லிட்டர் தெளிவு வேண்டும். அதே மூட்டைப் பவுடரில் சோதிப்பதால் அது பழசா புதுசா என்ற கவலை இல்லை.

தொட்டி கால்வாசி நிறைந்ததும், தண்ணீர் விழும் இடத்தில் ஊற்றுங்கள். மோட்டார் ஓட ஓடத் தானே கலந்துவிடும். நிறைந்த பின் அரை மணி நேரம் வால்வைத் திறக்கக் கூடாது. ஒவ்வொரு நிரப்பலுக்கும் இதே முறைதான்.

கடைசிக் குழாயில் குறைந்தது 0.2 மி.கி. வர வேண்டும். வராவிட்டால் தொட்டியிலிருந்து தெருத்தெருவாகச் சோதித்துப் போங்கள். ஓரிடத்தில் சட்டென்று விழுந்தால் அங்கே கசிவு, பள்ளத்துக் குழாய், அல்லது லைனில் நேரே மோட்டார் மாட்டி உறிஞ்சும் வீடு. அந்த இழுப்பில் சாக்கடையும் உள்ளே வரும். பவுடரைக் கூட்டி அதைச் சரிக்கட்ட முடியாது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தால் குழாயில் சேறு. கடைசி முனையைத் திறந்து, தெளியும்வரை ஓடவிடுங்கள். மருந்து போட்டதும் தண்ணீர் செம்மை தட்டினால் இரும்பு. 1 மி.கி. இரும்பு சுமார் 0.6 மி.கி. குளோரினைத் தின்றுவிடும்.

சோதனைப் பெட்டி ஜல் ஜீவன் திட்டத்தில் பயிற்சி பெற்ற பெண்களிடம் இருக்கும், கேளுங்கள். மஞ்சள் நிறம் காட்டும் ஓ.டி. கரைசல் என்றால் 10 விநாடிக்குள் பாருங்கள். தாமதித்தால் கிருமியைச் சரியாகக் கொல்லாத கூட்டுக் குளோரினும் சேர்ந்து கணக்கில் ஏறிவிடும்.

மூட்டையைப் பிரித்ததும் இறுக்கமான மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்மில் கொட்டி, நிழலில் வையுங்கள். மோட்டார் ரூம் வேண்டாம். அந்த ஆவியில் ஸ்டார்ட்டர் பெட்டி துருப்பிடித்துவிடும்.