மணநிலை, தொழில், திருப்தி நிலை போன்ற பண்புசார் மாறிகளை 1, 2, 3 என்று எண்ணாக்கி ரெக்ரெஷனில் (ஒரு விளைவை மற்ற மாறிகளைக் கொண்டு கணிக்கும் மாடலில்) போடலாமா? துறைக்குத் துறை முறை மாறுமா?

கேட்டிருப்பது இரண்டு கேள்வி. கணக்கெடுப்புத் தரவில் ஏற்கெனவே எண் குறியீடு இருக்கிறதே, அப்படியே மாடலில் போட்டால் என்ன என்பது ஒன்று. பொருளியல், மருத்துவம், சமூகவியல் ஆட்கள் ஆளுக்கொரு விதமாகச் செய்கிறார்களே, எதைப் பின்பற்றுவது என்பது மற்றொன்று. முதலாவதற்கு என் பதில்: கூடாது. இரண்டாவதற்கு: அடியில் ஓடும் கணக்கு எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். எதை எதோடு ஒப்பிடுகிறோம், யாரை எந்த வகைக்குள் அடைக்கிறோம் என்பதில்தான் துறைகள் பிரிகின்றன. கோளாறுகள் பெரும்பாலும் முளைப்பதும் அங்கேதான்.

ஏன் கூடாது என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். எண்கள் கற்பனைதான். மணநிலைக்கு நான்கு குறியீடு: 1 மணமாகாதவர், 2 மணமானவர், 3 மணமுறிவு பெற்றவர், 4 துணையை இழந்தவர். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள் என்பதன் சராசரி முறையே 5, 3, 4, 2. நான்கு குழுவிலும் சம எண்ணிக்கையில் ஆட்கள். குறியீட்டை எண்ணாகவே விட்டு ரெக்ரெஷன் ஓட்டினால் சரிவு, அதாவது குறியீடு ஒன்று கூடும்போது பயிற்சி நேரம் மாறும் அளவு, -0.8 என்று வரும். அந்தக் கோட்டின் கணிப்புகள் 4.7, 3.9, 3.1, 2.3. நடுவில் இருக்கும் இரண்டைப் பாருங்கள். உண்மையில் மணமுறிவு பெற்றவர்கள் மணமானவர்களைவிட ஒரு மணி நேரம் அதிகம் பயிற்சி செய்கிறார்கள், மாடலோ 0.8 மணி நேரம் குறைவு என்கிறது. அளவு பிசகியதோடு நிற்கவில்லை, திசையே மாறிவிட்டது. படிவம் தயாரித்தவர் அந்த நான்கையும் வேறு வரிசையில் அச்சடித்திருந்தால் சரிவும் வேறாக வந்திருக்கும். படிவத்தின் அச்சு வரிசையைப் பொறுத்து மாறும் எண்ணை ஆய்வு முடிவு என்று சொல்ல முடியுமா?

சரியான வழி டம்மி மாறிகள்: ஒருவர் அந்த வகையில் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. நான்கு வகைக்கு மூன்று டம்மி. விட்டுப்போன ஒன்று அடிப்படை வகை, மற்றவற்றை அதோடுதான் ஒப்பிடுகிறோம். நான்கையுமே போட்டு மாறிலியையும் (எல்லாருடைய கணிப்பிலும் பொதுவாகச் சேரும் எண்) வைத்தால் நான்கு டம்மிகளின் கூட்டல் எப்போதும் 1, அதாவது மாறிலியின் நெடுவரிசையேதான். அப்போது கெழுக்களை, அதாவது ஒவ்வொரு மாறிக்கும் மாடல் தரும் எண்களை, தனித்தனியாகக் கணக்கிட வழியில்லை. பொருளியல் வகுப்பில் இதை டம்மி பொறி என்பார்கள். பைத்தான் நிரல்மொழியில் பாண்டாஸ் என்ற கருவித் தொகுப்பைக் கொண்டு டம்மி உருவாக்கினால், நீங்கள் சொல்லாதவரை ஒன்றைக் கழிக்காது; கவனம் தேவை. டம்மி மாறிகளைப் பொருளியலில் பரவலாக்கியதில் டேனியல் சூட்ஸ் 1957-இல் எழுதிய கட்டுரைக்குப் பெரிய பங்கு உண்டு.

அதே கற்பனைத் தரவில் மணமாகாதவரை அடிப்படையாக வைத்தால் மாறிலி 5. கெழுக்கள் -2, -1, -3. மணமானவரை அடிப்படையாக்கினால் மாறிலி 3. கெழுக்கள் +2, +1, -1. கணிப்பு ஒரு புள்ளிகூட மாறவில்லை, மாடலின் பொருத்தமும் மாறவில்லை. ஆனால் எந்த வரியில் நட்சத்திரம் (புள்ளியியல்படி முக்கியம் என்ற அடையாளம்) விழுகிறது என்பது மாறிவிடும். முதல் அட்டவணையைப் படிப்பவர் "எல்லாரும் மணமாகாதவரைவிடக் குறைவு" என்று எடுத்துக்கொள்வார். இரண்டாவதைப் படிப்பவர் "துணையை இழந்தவர் மட்டும்தான் பின்தங்கியிருக்கிறார்" என்பார். வேளாண், உளவியல் பரிசோதனைகளில் அனோவா (குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் முறை) பழகியவர்கள் இன்னொரு விதமாக, மொத்தச் சராசரி 3.5-இலிருந்து விலகலைச் சொல்வார்கள்: +1.5, -0.5, +0.5, -1.5. மூன்றும் ஒரே மாடல்தான். அனோவாவும் ரெக்ரெஷனும் வேறு வேறு என்று இரண்டு பாடமாகப் படித்தவர்களுக்கு இது கொஞ்சம் அதிர்ச்சியாகவே இருக்கும்.

அடிப்படை வகையை மென்பொருளிடம் விடாதீர்கள். ஆர் என்ற புள்ளியியல் மென்பொருள் அகரவரிசையில் முதலில் வருவதை எடுத்துக்கொள்ளும். அது நூற்றில் இரண்டு பேர் மட்டும் உள்ள வகையாக இருந்தால் எல்லா ஒப்பீடுகளின் திட்டப்பிழையும் (மதிப்பீட்டின் நிச்சயமின்மை அளவு) ஊதிப்போகும். போதிய ஆட்கள் உள்ள, உங்கள் கேள்விக்கு இயல்பான ஒப்பீடாக அமையும் வகையை நீங்களே தேர்ந்தெடுங்கள். இன்னொன்று: "மணநிலை முக்கியமா?" என்ற கேள்விக்கு விடை தனித்தனி டம்மிகளின் பி-மதிப்பில் (உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் இவ்வளவு வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்பு) இல்லை. மூன்றையும் சேர்த்து ஒரேயடியாகச் சோதிக்கும் எஃப் சோதனையோ, லைக்லிஹுட் விகிதச் சோதனையோ (likelihood ratio test) செய்யுங்கள். முக்கியமில்லாத டம்மியை மட்டும் பிடுங்கிவிட்டு மற்றவற்றை வைத்துக்கொள்ளும் பழக்கத்தை நான் நிறைய ஆய்வேடுகளில் பார்க்கிறேன். அப்படிச் செய்தால் அந்த வகை சத்தமில்லாமல் அடிப்படை வகையோடு கலந்துவிடுகிறது. ஆய்வேட்டில் அதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

வரிசை உள்ள வகைகள், அதாவது "மிகவும் திருப்தி" முதல் "திருப்தியே இல்லை" வரையிலானவை, தனி ரகம். இது விளக்கும் மாறியாக இருந்தால் டம்மியாகவும் வைத்துப் பாருங்கள், 1 முதல் 5 வரை எண்ணாகவும் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே பொருத்தம் தந்தால் எண்ணாகவே வைப்பதில் தவறில்லை. விளைவு மாறியாக இருந்தால் பீட்டர் மெக்கல்லா 1980-இல் முன்வைத்த விகிதச் சம ஆட்ஸ் மாடல் இருக்கிறது (ஆட்ஸ் என்பது ஒன்று நடக்கும் வாய்ப்புக்கும் நடக்காத வாய்ப்புக்கும் உள்ள விகிதம்). அதில் ஓர் அனுமானம் உண்டு: 1-க்கும் 2-க்கும் நடுவே கோடு கிழித்தாலும், 4-க்கும் 5-க்கும் நடுவே கிழித்தாலும் ஒரு காரணியின் தாக்கம் ஒன்றே. அதைச் சோதிக்காமல் விடாதீர்கள். ஆர் மென்பொருளில் வரிசை மாறி என்று அறிவித்தால் முடிவில் எல், கியூ, சி என்று புதிர் வரிகள் வரும். அவை நேர்கோடு, இருபடி, முப்படிக் கூறுகள், பயப்பட வேண்டாம்.

இனி துறைகள். வகை என்பது உண்மையிலேயே வகையா, இல்லை அதன் அடியில் தொடர்ச்சியான ஏதோ ஓர் அளவு ஒளிந்திருக்கிறதா என்பது புள்ளியியலின் ஆதிச் சண்டை. புள்ளியியல் முன்னோடி கார்ல் பியர்சன் இரண்டாவது கட்சி. பிழைத்தார், இறந்தார் என்பதன் அடியிலும் மணி வடிவ இயல்நிலைப் பரவல் ஒன்று இருப்பதாக வைத்து ஒட்டுறவைக் (இரண்டு மாறிகள் சேர்ந்து மாறும் அளவை) கணக்கிட்டார். அவரிடமே பணியாற்றிய உட்னி யூல் 1912-இல் அதைக் கிண்டலடித்தார்: பெரியம்மையில் இறந்தவர்கள் எல்லாரும் ஒரே அளவுதான் இறந்திருக்கிறார்கள், அதில் ஏற்ற இறக்கம் ஏது என்கிற தொனியில். சண்டை தீரவில்லை. இன்று புரோபிட் (ஆம்/இல்லை விளைவின் அடியில் இயல்நிலைப் பரவலைக் கொள்ளும் மாடல்) போடும் பொருளியலாளர் பியர்சன் வழியில் நடக்கிறார். எண்ணிக்கை அட்டவணையை அப்படியே ஆராய்பவர் யூல் வழியில் நடக்கிறார். என்னைக் கேட்டால் திருப்தி நிலைக்குப் பியர்சன், இறப்புக்கு யூல்.

பொருளியலில் அடிக்கடி பார்ப்பது, வருமானத்தின் மடக்கையை (log) விளைவு மாறியாக வைத்து டம்மி போடுவது. கெழு 0.5 என்றால் 50 சதவீதம் கூடுதல் என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையில் 65 சதவீதம், ஏனென்றால் மடக்கையைத் திருப்பினால் e-இன் 0.5 அடுக்கு சுமார் 1.65. -0.5 என்றால் குறைவு 39 சதவீதம்தான். கெழு சின்னதாக இருக்கும்வரை யாருக்கும் தெரியாது, பெரிதானதும் வெளிப்பட்டுவிடும். ஹால்வோர்சனும் பாம்குவிஸ்டும் இதை 1980-இலேயே சுட்டிக்காட்டிவிட்டார்கள். சரிவும் குழுவுக்குக் குழு மாறுமா என்று பார்க்க, டம்மியைத் தொடர் மாறியோடு பெருக்கிச் சேர்க்க வேண்டும். தாமோதர் குஜராத்தி 1970-இல் காட்டிய வழி இது.

விளைவே பண்புசார் மாறியாக இருந்து, அதில் வரிசையும் இல்லையென்றால் டேனியல் மெக்ஃபேடனிடம் போக வேண்டும். கார், பேருந்து, ரயில் மூன்றில் எதை எடுப்பார்கள் என்பதற்கான அவருடைய லாஜிட் மாடல் (ஒவ்வொரு தெரிவுக்கும் உள்ள வாய்ப்பைக் கணிப்பது) 2000-இல் பொருளியல் நோபல் வரை போனது. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் பார்ட் ரயில் வருவதற்கு முன்பு எடுத்த தரவிலிருந்து, வேலைக்குப் போகும் பயணங்களில் 6.3 சதவீதம் ரயிலுக்கு வரும் என்று கணித்தார், வந்தது 6.2. அதிகாரபூர்வ மதிப்பீடு 15 சதவீதம். அதே மாடலுக்கு ஒரு பலவீனமும் உண்டு. சிவப்புப் பேருந்து ஓடும் தடத்தில் நீலப் பேருந்து ஒன்றை விட்டால், கார் ஓட்டுபவர்களில் ஒரு பங்கும் அதற்கு மாறிவிடுவதாக அது கணிக்கும். நிறத்துக்காக யார் காரை விடப்போகிறார்கள்? வகைகளை நீங்கள் எப்படிப் பிரித்து வைக்கிறீர்களோ அதற்கேற்ப விடை மாறும் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

மருத்துவத்தில் இது உயிர் விஷயம். சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதை ரத்தத்திலுள்ள கிரியேட்டினினைக் கொண்டு கணக்கிடும் 2009-ஆம் ஆண்டின் சிகேடி-எபி சூத்திரத்தில் இனம் ஒரு டம்மி. கறுப்பினத்தவர் என்றால் விடையை 1.159-ஆல் பெருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் சிறுநீரக மாற்றுப் பட்டியலில், டயாலிசிஸ் தொடங்காதவருக்குக் காத்திருப்புக் காலம் ஏறத் தொடங்க அந்த அளவு 20 அல்லது அதற்குக் கீழ் இருக்க வேண்டும். ஒருவருக்கு 18 வருகிறது என்று வையுங்கள். கறுப்பினத்தவர் என்று குறித்திருந்தால் அந்தச் சூத்திரத்தில் அது 20.9 ஆகியிருக்கும், காத்திருப்புக் காலம் ஏறியிருக்காது. கலப்புப் பெற்றோருக்குப் பிறந்தவரை எந்தக் கட்டத்தில் போடுவது என்பதற்குச் சூத்திரத்தில் பதில் கிடையாது. 2021-இல் இனம் இல்லாத சூத்திரம் வந்தது; பழைய கணக்கால் காலம் இழந்தவர்களுக்கு அதைத் திருத்தித் தரும் விதி 2023-இல் நடைமுறைக்கு வந்தது. தரவில் அந்தக் கெழு புள்ளியியல்படி வலுவாகத்தான் இருந்தது. அந்த வகை எதற்குப் பதிலாக நிற்கிறது என்பதைப் பி-மதிப்பு சொல்லாது.

விட்டுப்போன பண்புசார் மாறியும் ஏமாற்றும். 1973-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பட்டமேற்படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்களில் சுமார் 44 சதவீதம் பேருக்கும், பெண்களில் 35 சதவீதம் பேருக்கும் இடம் கிடைத்தது. பாரபட்சம் என்றுதான் தோன்றும். துறை என்ற மாறியைச் சேர்த்ததும் அந்த இடைவெளி கரைந்துபோனது. இடம் கிடைப்பதே கடினமான துறைகளுக்குப் பெண்கள் அதிகம் விண்ணப்பித்திருந்தார்கள். அந்தத் துறைகளுக்கு இடங்கள் ஏன் குறைவு என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் போகும், போகவும் வேண்டும்.

நேர்காணல் பதில்களை வகைகளாக்கி மாடலில் சேர்ப்பவர்களுக்கு ஒன்று: இரண்டு பேர் தனித்தனியாக வகைப்படுத்துங்கள், இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்பதை அளக்கும் கோஹனின் கப்பாவைக் கணக்கிட்டுக் கட்டுரையில் எழுதுங்கள். இருவரும் ஒத்துப்போகாத வகை, டம்மியாக மாறியதும் துல்லியமாகிவிடாது.

கடைசியாக, ஆட்கள் குறைவாக உள்ள வகைகள். ஒரு வகையில் ஏழு பேர், ஏழு பேருக்கும் நோய் இருக்கிறது என்றால் லாஜிஸ்டிக் ரெக்ரெஷனில் (ஆம்/இல்லை விளைவுக்கான மாடல்) அதன் கெழு முடிவிலியை நோக்கி ஓடும். மென்பொருள் 18, 20 என்று ஒரு பெரிய எண்ணையும் அதைவிடப் பல மடங்கு பெரிய திட்டப்பிழையையும் காட்டும். அப்படிக் கண்டால் ஃபிர்த் 1993-இல் தந்த திருத்தத்தைப் பயன்படுத்துங்கள். வகைகளே நூற்றுக்கணக்கில் இருந்தால், உதாரணமாகப் பள்ளி, மருத்துவமனை, அஞ்சல் குறியீடு போன்றவற்றில், டம்மியைவிடப் பல நிலை மாடல் நல்லது. ஆட்கள் குறைந்த குழுக்களின் மதிப்பீட்டை அது மொத்தச் சராசரியின் பக்கம் இழுத்து நிதானப்படுத்தும். சின்ன வகைகளை எல்லாம் அள்ளி "மற்றவை" என்று கொட்டுவது கடைசி வழி. கொட்டத்தான் வேண்டுமென்றால் விளைவு மாறியைப் பார்க்கும் முன்பே முடிவு செய்யுங்கள், அதில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை எண்ணிக்கையோடு அட்டவணைக்கு அடியில் எழுதுங்கள்.