மெக்கானிக்கிட்ட கேளுங்க: பேக்கிங் மாத்தியும் ஆயில் கசியுது

கேள்வி: சார், என்கிட்ட இருக்குறது சின்ன 4 ஸ்ட்ரோக் இன்ஜின். கிராங்க்கேஸ் (கிராங்க் தண்டு சுத்துற பெட்டி) கவர் பேக்கிங் கிழிஞ்சு ஆயில் வடிஞ்சுது, நானே கழட்டி புது பேக்கிங் போட்டேன், ரெண்டே வாரத்துல மறுபடி அதே இடத்துல கசியுது. போல்டை இன்னும் இறுக்கி பாத்தேன், நிக்கல. சிலிக்கான் பேஸ்ட் நல்லா தடவி மாட்டிடலாமா?

பதில்: வேணாம் தம்பி, பேஸ்ட் டியூப்பை ஓரமா வைங்க. புது பேக்கிங் ரெண்டு வாரத்துல போச்சுன்னா முதல்ல ப்ரீதரை, அதாவது கிராங்க்கேஸ் காத்தை வெளிய விடுற வால்வை, பாக்கணும். பிஸ்டன் கீழ வரும்போது கிராங்க்கேஸ்ல இருக்குற காத்து அமுங்குது, அது ப்ரீதர் வால்வு வழியா வெளிய போயிடும், பிஸ்டன் மேல போகும்போது வால்வு மூடிக்கும், அதனால உள்ள எப்பவும் லேசா வேக்யூம் இருக்கும், அந்த வேக்யூம்தான் ஆயிலை உள்ளயே பிடிச்சு வைக்குது. ப்ரீதர் அடைச்சிட்டா உள்ள பிரஷர் ஏறி, எந்த இடம் வீக்கோ அங்க ஆயிலை தள்ளும். நீங்க எத்தனை பேக்கிங் போட்டாலும் தள்ளிக்கிட்டேதான் இருக்கும். வால்வை கழட்டி கழுவுங்க, ட்யூப்ல அடைப்பு இருக்கான்னு பாருங்க. பிஸ்டன் ரிங் தேய்ஞ்சிருந்தாலும், ஆயில் அளவுக்கு மேல ஊத்தியிருந்தாலும் இதே கதைதான்.

ப்ரீதர் நல்லா இருக்குன்னா தப்பு மாட்டுன விதத்துல இருக்கு. பழைய பேக்கிங்கை ஸ்க்ரூ டிரைவரால சுரண்டுனீங்களா? அலுமினியம் ரொம்ப மிருதுவான உலோகம், ஒரு கோடு விழுந்தாலே ஆயிலுக்கு வழி கிடைச்சிடும். பிளாஸ்டிக் துண்டால சுரண்டுங்க, கெட்டியா ஒட்டியிருந்தா பேக்கிங் ரிமூவர் போட்டு ஊற விடுங்க. கவர் வளைஞ்சிருக்கான்னு தட்டையான கண்ணாடி மேல கவுத்து வச்சு பாருங்க, ஆடுச்சுன்னா பேக்கிங் எவ்ளோ நல்லதா இருந்தும் பிரயோஜனம் இல்ல.

கழட்டுறதுக்கு முன்னாடி கிராங்க் வெளிய நீட்டிட்டு இருக்குற பக்கம் துரு, பிசிறு எல்லாத்தையும் எமரி பேப்பர்ல தேச்சுடுங்க, இத யாருமே செய்யறதில்ல, கவரை இழுக்கும்போது ஆயில் சீல் (கிராங்க்கை சுத்தி இருக்குற ரப்பர் வளையம்) உதடு அங்கதான் கிழியுது, அப்புறம் பேக்கிங் மேல பழி போடுவாங்க. திருப்பி மாட்டும்போது சீல் கிழியாம இருக்க, கிராங்க்ல இருக்குற சாவி காடி (கீ உக்கார்ற பள்ளம்) மேல டேப் சுத்திக்கோங்க. கவர் பக்கம் மேல இருக்குற மாதிரி இன்ஜினை படுக்க வச்சு கழட்டுங்க, கேம் கியரோட (வால்வுகளை திறக்குற தண்டோட பல்சக்கரம்) டைமிங் மார்க் கிராங்க் கியர் மார்க்கோட நேரா இருக்கான்னு பாத்துட்டுதான் மூடணும்.

கவர் கையால தள்ளுனாலே முழுசா உக்காரணும். உக்காரலைன்னா கவர்னர் கியரோ (இன்ஜின் வேகத்தை கட்டுப்படுத்துற பல்சக்கரம்) கேமோ சரியா விழலன்னு அர்த்தம், போல்ட் போட்டு இழுத்தீங்கன்னா கவர் உடையும். போல்டை குறுக்கு குறுக்கா, ரெண்டு மூணு சுத்துல இறுக்குங்க. ஹோண்டா ஜிஎக்ஸ்160 மாதிரி இன்ஜினுக்கு 24 நியூட்டன் மீட்டர்தான் கணக்கு, உங்க இன்ஜினுக்கு அதோட மேனுவல்ல இருக்கும். கசியுதுன்னு மேல மேல இறுக்குனா பேக்கிங் பிதுங்கி வெளிய வரும், அலுமினியத்துல மரையும் போயிடும்.

கேள்வி: பேக்கிங் கிடைக்கலைன்னா சீலன்ட் பேஸ்ட் மட்டும் போட்டு மூடலாமா?

பதில்: பேக்கிங் இல்லாம சீலன்ட்டே போடுற மாதிரி செஞ்ச இன்ஜின்னா போடலாம். பேக்கிங் போட்டு வந்த இன்ஜின்ல போடாதீங்க, ஏன்னா நிறைய இன்ஜின்ல அந்த பேக்கிங் பேப்பரோட கனம்தான் கிராங்க் முன்னும் பின்னும் எவ்ளோ அசையணும்னு தீர்மானிக்குது. பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன்ல நிறைய மாடலுக்கு இந்த அசைவு 0.05 மில்லிமீட்டர்ல இருந்து 0.2 வரைக்கும்தான், அதுக்காகவே வேற வேற கனத்துல பேக்கிங் தர்றாங்க. பேப்பரை எடுத்துட்டா அசைய இடம் இல்லாம கிராங்க் இறுகிடலாம். இன்னொன்னு, அதிகமா தடவுன பேஸ்ட் உள்பக்கம் பிதுங்கி, காஞ்சு, துண்டாகி ஆயிலோட சுத்தும், ஆயில் பம்ப் இருக்குற இன்ஜின்ல அது போய் வழியை அடைச்சா பேரிங் காலி. சீலன்ட் போடச் சொல்லியிருக்குற இடத்துல மெல்லிசா ஒரு கோடு, அது முழுசா காயுற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க, டியூப்லயே நேரம் போட்டிருக்கும்.

கேள்வி: 2 ஸ்ட்ரோக் இன்ஜின்ல கிராங்க்கேஸ் பேக்கிங் லேசா போயிருந்தா கொஞ்ச நாள் ஓட்டலாமா?

பதில்: ஓட்டாதீங்க. அதுல பெட்ரோலும் காத்தும் கிராங்க்கேஸ் வழியாதான் மேல போகுது. ஓட்டை வழியா காத்து உள்ள போனா கலவைல பெட்ரோல் பங்கு குறைஞ்சு, ஆர்பிஎம் தானா ஏறி, சூடு அதிகமாகி பிஸ்டன் பிடிச்சிடும். இன்னைக்கே நிறுத்திட்டு பேக்கிங்கும் ரெண்டு பக்க சீலும் சேர்த்து மாத்துங்க.