பேச்சில் நம்ம ஆள், காகிதத்தில் ஒப்பந்ததாரர்

கேள்வி: ஆறு வருடமாகத் தனியாக கிராஃபிக் டிசைன் வேலை செய்கிறேன். லோகோ, பேக்கேஜிங், எப்போதாவது புத்தக அட்டை. தனித்தனியாக வேலை பார்க்கும் ஏழெட்டு டிசைனர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு கூட்டமைப்பில் என்னைச் சேரச் சொல்கிறார்கள். சம்பளம் கிடையாது, வேலை வரும்போது ஒப்பந்த அடிப்படையில் செய்யலாம், 20 சதவீதம் பொதுக் கணக்குக்குப் போகும், பெரிய கிளையண்ட்டுகள் கிடைப்பார்கள் என்கிறார்கள். மூன்று பக்க ஒப்பந்தமும் வந்துவிட்டது. சேரலாமா? என் பழைய கிளையண்ட்டுகள் கைவிட்டுப் போய்விடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: அந்த மூன்று பக்கத்தில் ‘உறுப்பினர்’ என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. பேசும்போது ‘நம்ம ஆள்’, ‘நம்ம டீம்’ என்பார்கள், காகிதத்தில் நீங்கள் ஒப்பந்ததாரர். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, ஆனால் இரண்டும் வேறு வேறு. உறுப்பினருக்கு ஓட்டு உண்டு, லாபத்தில் பங்கு உண்டு, கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் உரிமை உண்டு. ஒப்பந்ததாரருக்கு வேலை உண்டு, வேலைக்குக் கூலி உண்டு, அவ்வளவுதான்.

கூட்டமைப்பு என்றதும் நம் தொழிலில் எல்லோரும் இழுக்கும் உதாரணம் மேக்னம் என்ற புகைப்படக்காரர்கள் கூட்டமைப்பு. 1947-ல் ராபர்ட் கேப்பா, கார்ட்டியே-ப்ரெஸ்ஸோன், ஜார்ஜ் ரோட்ஜர், டேவிட் சீமோர் ஆகியோர் தொடங்கியது. படத்தின் காப்புரிமை பத்திரிகைக்குப் போகாமல் எடுத்தவரிடமே இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. அங்கே புதிதாக வருபவர் முதல் நாளே முழு உறுப்பினர் ஆகிவிட முடியாது. இடையில் இரண்டு படிகள், சில வருடங்கள், ஏற்கெனவே இருப்பவர்களின் ஓட்டு, எல்லாம் தாண்டித்தான் வர வேண்டும். 1972-ல் லண்டனில் தொடங்கிய பென்டகிராம் என்ற டிசைன் நிறுவனத்திலும் பங்குதாரர்கள் லாபத்தைச் சமமாகப் பிரித்துக்கொள்கிறார்கள், ஆனால் அங்கே வேலை செய்கிற எல்லோரும் பங்குதாரர்கள் இல்லை. இவர்கள் பெயரைச் சொல்லி உங்களை யாராவது கூப்பிட்டால், ‘சரி, உள்ளே போகிற படி எங்கே இருக்கிறது, எத்தனை மாதத்தில்?’ என்று கேளுங்கள். படியே இல்லை என்றாலும் குற்றமில்லை. தெரிந்துகொண்டு போங்கள்.

அடுத்தது அந்த 20 சதவீதம். அது அதிகமா குறைவா என்று கேட்பதைவிட எதன் மேல் என்று கேளுங்கள். கிளையண்ட் கொடுப்பது 100, அதில் 30 அச்சுக்கும் ஓவியருக்கும் போகிறது என்று வையுங்கள். மொத்தத்தின் மேல் 20 எடுத்தால் உங்களுக்கு 50 மிஞ்சும். செலவு போக மீதி 70-ன் மேல் எடுத்தால் 56. வருடம் முழுக்க இது நடந்தால் வித்தியாசம் சின்னது இல்லை. அப்புறம் அந்தப் பணத்துக்கு அவர்கள் என்ன செய்கிறார்கள்? கிளையண்ட்டைப் பிடிப்பது, கொட்டேஷன் போடுவது, இன்வாய்ஸ் அனுப்புவது, பணத்துக்குத் துரத்துவது, நான்காவது முறை கரெக்‌ஷன் கேட்பவரிடம் ‘இதற்குத் தனி ரேட்’ என்று சொல்வது... இதெல்லாம் அவர்கள் தலையில் என்றால் 20 நியாயம், கடைசியாகச் சொன்ன அந்த ஒன்றுக்காகவே கொடுக்கலாம். கிளையண்ட் மீட்டிங்கில் கூலி இல்லாமல் நீங்கள் உட்கார்ந்து, துரத்தலையும் நீங்களே செய்வதாக இருந்தால் எதற்குக் கொடுக்க வேண்டும்?

உங்கள் ஒப்பந்தத்தில் நான் முதலில் தேடுவது ஒரே ஒரு வரியைத்தான்: ‘கிளையண்ட்டிடமிருந்து தொகை பெறப்பட்ட பின்’. அதாவது, கிளையண்ட் கொடுத்தால்தான் உங்களுக்கும் பணம். இப்படி ஒரு வரியில் கையெழுத்துப் போட்டு நானே மாட்டியிருக்கிறேன். ஒரு குழு வழியாக பேக்கேஜிங் வேலை, ஒன்பது பெட்டிகள், எல்லாம் முடித்து அச்சுக்கு ஃபைல் போய்விட்டது. பணம் வரவில்லை. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ‘ஃபாலோ பண்றோம்’ என்று ஒரு மெசேஜ் வரும், கூடவே கைகூப்பும் பொம்மை. பதினோரு வாரம் ஓடியது. பிறகு வேறு ஒரு சந்தேகத்துக்காக அந்த கிளையண்ட்டின் ஆள் என்னைக் கூப்பிட்டபோது பேச்சோடு பேச்சாக, பாதித் தொகையை அட்வான்ஸாக முதல் வாரமே கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அந்த அட்வான்ஸ் குழுவின் வேறு செலவுக்குப் போயிருந்தது. கெட்டவர்கள் என்று இன்றும் சொல்ல மாட்டேன், கையில் காசு இல்லாத நல்லவர்கள். ஆனால் அவர்களுடைய முடையை வட்டியில்லாமல் தாங்கியது நான்.

அதனால் இரண்டு விஷயத்தை எழுத்தில் கேளுங்கள். கிளையண்ட் அட்வான்ஸ் கொடுத்தால் அதே விகிதத்தில் உங்கள் பங்கும் அன்றே வர வேண்டும். கிளையண்ட் இழுத்தடித்தாலும் நீங்கள் இன்வாய்ஸ் கொடுத்து 45 நாளிலோ 60 நாளிலோ குழு உங்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். ‘எங்களால் முடியாது’ என்றால், நஷ்டத்தில் மட்டும் உங்களைப் பங்காளி ஆக்குகிறார்கள் என்று அர்த்தம்.

பழைய கிளையண்ட்டுகள் பற்றிய பயத்துக்கு மருந்து சுலபம். கையெழுத்துக்கு முன் அவர்கள் பெயர்களை ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, ஒப்பந்தத்தோடு இணைப்பாகச் சேருங்கள். ‘இவர்கள் என்னுடையவர்கள், இவர்கள் வேலைக்கு 20 சதவீதம் பொருந்தாது’ என்று ஒரு வரி. குழு கொண்டுவந்த கிளையண்ட்டைத் தனியாகத் தொடக்கூடாது என்ற நிபந்தனை இருக்கும், அது நியாயம்தான், ஆனால் எவ்வளவு காலத்துக்கு என்று பாருங்கள். காலம் குறிக்காமல் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

மற்றவை சுருக்கமாக. காப்புரிமை, முழுத்தொகை வந்த பிறகே கை மாற வேண்டும். போர்ட்ஃபோலியோவில் போட்டுக்கொள்ளும் உரிமையை எழுதி வாங்குங்கள், வாய் வார்த்தை வேண்டாம். உங்கள் ஃபான்ட் உரிமம் பெரும்பாலும் உங்களுக்கு மட்டும்தான், குழுவில் இன்னொருவர் உங்கள் ஃபைலைத் திறந்து வேலை செய்ய அவருக்குத் தனி உரிமம் தேவைப்படலாம். கிளையண்ட் வழக்குப் போட்டால் மொத்த நஷ்டமும் உங்கள் தலையில் என்று ஏதாவது வரி இருந்தால், அந்த வேலைக்கு நீங்கள் பெற்ற தொகைக்கு மேல் பொறுப்பில்லை என்று திருத்தச் சொல்லுங்கள்.

சேரலாமா என்றால், சேரலாம். ஒரே ஒரு சின்ன வேலை செய்து, பணம் எத்தனை நாளில் வருகிறது என்று பார்த்துவிட்டு.

கேள்வி: ஒப்பந்ததாரர் என்றுதான் குழுவில் சேர்ந்தேன். இப்போது தினமும் காலை பத்து மணிக்கு ஆன்லைனில் இருக்க வேண்டும், வெளி வேலை எடுக்கக் கூடாது என்கிறார்கள். இது சரியா?

பதில்: இல்லை. நேரத்தையும் வேலை செய்யும் முறையையும் அவர்கள் தீர்மானித்து, வெளி வேலையையும் தடுத்தால் அது ஊழியர் வேலை. காகிதத்தில் என்ன பெயர் என்பதை மட்டும் பார்க்காமல் உண்மையில் யார் கட்டுப்படுத்துகிறார்கள் என்று பார்ப்பது பல நாட்டுச் சட்டங்களில் உண்டு. சண்டைக்குப் போகும் முன், ‘அப்படியானால் மாதச் சம்பளமும் விடுப்பும் பேசிக்கொள்ளலாமா?’ என்று ஒரு மெயில் போடுங்கள். பத்து மணி தானாகத் தளரும்.

கேள்வி: ஒரே லோகோவை எங்கள் மூன்று பேரிடமும் கேட்கிறார்கள், கிளையண்ட் எடுத்த ஒன்றுக்கு மட்டும் பணம். மற்ற இரண்டு பேர் செய்தது சும்மாவா?

பதில்: சும்மாதான், நீங்கள் ஒத்துக்கொள்கிற வரை. பணம் உறுதியில்லாமல் முதலில் வேலையைச் செய்து காட்டும் இந்த வழக்கம் வேண்டாம் என்று அமெரிக்காவின் ஏஐஜிஏ போன்ற டிசைனர் சங்கங்களே சொல்கின்றன. வெளியாள் கேட்டால் மறுக்கிற நாம், சொந்தக் குழு கேட்டால் கூச்சப்படுகிறோம். மூவரும் சேர்ந்து ஒரே பதில் சொல்லுங்கள்: தேர்வாகாத டிசைனுக்கும் ஒரு குறைந்தபட்சத் தொகை. மூவரில் ஒருவர் மட்டும் சொன்னால், அடுத்த முறை இரண்டு பேரிடம் மட்டும் கேட்பார்கள்.