வாயைப் பார்த்து இரை போடுங்கள்: உப்புநீர் மீன் கேள்வி பதில்

வீட்டில் பவளத் தொட்டி வைத்துப் பதினோரு வருடம் ஆகிறது. என்னிடம் வரும் கேள்விகளில் பாதி “மீன் சாப்பிட மாட்டேங்குது” என்பதுதான். அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அக்கா, மாண்டரின் மீன் வாங்கி மூன்று வாரம் ஆச்சு. பெல்லட் தீவனம், ஃப்ரோசன் இரை எதையும் திரும்பிக்கூடப் பார்க்கலை. ஆனா நாள் முழுக்கப் பாறையைக் கொத்திட்டே இருக்கு. 115 லிட்டர் தொட்டி, வெச்சு நாலு மாசம்.

கொத்துகிறதே, அதுதான் அதன் சாப்பாடு. பாறை இடுக்கில் கோபிபாட் என்று ஒரு மில்லிமீட்டர் அளவிலான ஓட்டுயிர்கள் ஊரும். மாண்டரின் நின்று, கண்ணை உருட்டிப் பார்த்து, டக்கென்று ஒன்றை உறிஞ்சும். பிறகு அடுத்த இடம். தண்ணீரோடு அடித்துக்கொண்டு போகும் பெல்லட்டை அது இரையாகவே நினைக்காது.

சிக்கல் இனிமேல்தான். நாலு மாதப் பாறையில் இருக்கிற கோபிபாட்டை ஒரே மாண்டரின் சில வாரத்தில் துடைத்துவிடும். பட்டினி கிடந்தாலும் நிறம் சட்டென்று மங்காது என்பதால் நமக்கு உறைக்காது. வயிற்றைப் பாருங்கள். பக்கத் துடுப்புக்குப் பின்னால் குழி விழுந்திருந்தால், மேலிருந்து பார்க்கும்போது தலை பெரிதாகவும் உடம்பு குச்சியாகவும் தெரிந்தால், இன்றே வேலையைத் தொடங்குங்கள்.

தொட்டிக்குள்ளேயே தொங்கும் குட்டிப் பெட்டியில் அதைத் தனியாக விடுங்கள். இரண்டு வேளை, முடிந்தால் மூன்று வேளை, அன்றன்று முட்டையிலிருந்து வெளிவந்த ஆர்டீமியா (உப்புநீரில் வாழும் குட்டி இறால் வகை) குஞ்சைக் கொடுங்கள். அதைப் பிடித்துத் தின்னப் பழகியதும் ஃப்ரோசன் மீன்முட்டையைக் கொஞ்சம் கலந்துவிடுங்கள். என்னுடையது முதல் ஒன்பது நாள் முட்டையை வாயில் வாங்கி வாங்கித் துப்பியது. பத்தாம் நாள் ஒன்றைத் துப்ப மறந்துவிட்டது! பிறகு பெரிய தொட்டியில் விட்டபோது, வாய் குறுகலான சின்னக் கண்ணாடிக் குப்பியைச் சாய்த்து மணலில் புதைத்தேன். ட்யூப் வழியாக இரை அதற்குள் இறங்கும். மாண்டரின் ஊர்ந்து உள்ளே போகும், டேங் என்ற பெரிய மீன் வெளியே நின்று கண்ணாடியை முட்டும்.

இன்னொன்று, சிக்ஸ்லைன் ராஸ் மீன் வைத்திருந்தால் கடையில் திருப்பிக் கொடுங்கள். இரண்டுக்கும் ஒரே சாப்பாடு, அது மூன்று மடங்கு வேகம்.

கேள்வி: மேடம், ஆர்டீமியா முட்டை எனக்குப் பாதிகூடப் பொரிவதில்லை. வேறு உப்பு வாங்கணுமா?

கல் உப்பே போதும். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டித் தலைகீழாக நிறுத்துங்கள். லிட்டருக்கு 25 முதல் 30 கிராம் உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா, 28 டிகிரி சூடு, மேலே ஒரு விளக்கு. ஏர் பம்ப் காற்றை மெதுவாக விடாதீர்கள். முட்டை அடியில் தங்கினால் அவ்வளவுதான். பெரும்பாலும் தவறு அங்கேதான். அல்லது டப்பாவைத் திறந்தே வைத்து முட்டை ஈரம் ஏறியிருக்கும்.

24 மணி நேரத்தில் ஆரஞ்சு நிறத்தில் துள்ளும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடு மேலே மிதக்கும், குஞ்சு கீழே இறங்கும். டார்ச் காட்டினால் வெளிச்சத்துக்கு ஓடிவரும். அலசி உடனே போடுங்கள். வயிற்றில் இருக்கும் மஞ்சள்கரு தீர்ந்துவிட்டால் மீனுக்குப் போடுவது வெறும் சக்கைதான். இதே ஆர்டீமியா நம் தூத்துக்குடி உப்பளங்களிலும் வாழ்கிறது.

கேள்வி: காப்பர்பேண்ட் பட்டர்ஃப்ளை மீன். மைசிஸ் (குட்டி இறால் போன்ற இரை) போட்டால் முகர்ந்துவிட்டுப் போய்விடுகிறது.

அந்த மூக்கைப் பாருங்கள். இடுக்கில் விட்டு உருவி எடுப்பதற்கான இடுக்கி அது. மீன் சந்தையில் மட்டி வாங்கி, நல்ல தண்ணீரில் அலசி, இரண்டு நாள் ஃப்ரீசரில் போடுங்கள். பிறகு வாயைப் பிளந்து ஒரு பக்க ஓட்டோடு பாறைக்கு நடுவே செருகுங்கள். முதல் நாள் சுற்றிச் சுற்றி வரும். மறுநாள் ஓரத்தைக் கிள்ளும். ருசி பிடித்ததும் அதே ஓட்டில் மைசிஸை அமுக்கி வையுங்கள். ஓட்டிலிருந்து தின்று பழகிய மீன் கொஞ்ச நாளில் மிதப்பதையும் எடுக்கும். மீந்த மட்டியை ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். நம் ஊர்ச் சூட்டுக்குத் தண்ணீர் கெட நேரமாகாது. தொட்டியில் களைபோல் பரவும் ஏய்ப்டேசியா என்ற கடல் அனிமோனைத் தின்னும் என்று நம்பி மட்டும் இதை வாங்காதீர்கள். சிலது தின்னும், சிலது பக்கத்தில் இருக்கும் விசிறிப் புழுவைத்தான் தின்னும்.

கேள்வி: பூண்டுச் சாற்றில் ஊறவைத்தால் சாப்பிடுமாமே?

சில மீன் வாசனைக்கு வரும். மாண்டரினுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

கேள்வி: லயன்ஃபிஷ்ஷுக்கு உயிருள்ள மோலி போட்டுப் பழக்கிவிட்டேன். இப்போது வேறெதையும் தொடாது.

அதை நிறுத்துங்கள். நன்னீர் மீனின் கொழுப்பு அதற்கு ஒத்துவராது. நாளடைவில் ஈரலைக் கெடுக்கும். நாலைந்து நாள் சும்மா விடுங்கள், நல்ல உடம்பென்றால் தாங்கும். பிறகு நீளமான இடுக்கியில் இறால் துண்டைப் பிடித்து, அடிபட்ட மீன்போல் துடிதுடிக்க ஆட்டுங்கள். அசைவதைத்தான் அது இரை என்று எண்ணும். முள்ளில் விஷம், கையை உள்ளே விடாதீர்கள்.

கேள்வி: எல்லாம் நன்றாகத் தின்கிறது, ஆனாலும் இளைக்கிறது.

கழிவு வெள்ளையாக நூல்போல் தொங்கினால் குடலில் ஒட்டுண்ணி இருக்கலாம். தனித்தொட்டிக்கு மாற்றி, மெட்ரோனிடசோல் கலந்த இரை கொடுத்துப் பார்க்கலாம். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா பக்கம் சயனைடு அடித்துப் பிடித்த மீனாக இருந்தாலும் இப்படி ஆகும். அதற்கு வீட்டில் மருந்தில்லை.

கேள்வி: கடல்குதிரை வளர்க்க ஆசை, என்ன இரை?

வேண்டாம் தம்பி. 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.

கேள்வி: அக்கா, பொங்கலுக்கு நாலு நாள் ஊருக்குப் போறேன். காப்பர்பேண்டை யார் பார்ப்பாங்க?

பக்கத்து வீட்டில் சொல்லுங்கள், ஆனால் இரைப் பையை அப்படியே கையில் கொடுக்காதீர்கள். பாவம் பார்த்து மூன்று மடங்கு போட்டுவிடுவார்கள், எனக்கு நடந்திருக்கிறது. திரும்பி வந்தபோது தண்ணீர் கஞ்சி மாதிரி இருந்தது. மருந்துக்கடையில் கிழமை எழுதிய மாத்திரை டப்பா கிடைக்கும். நாளுக்கு ஒரு அறையில் அளந்த இரையைப் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். மீதி இரையை அவர்கள் கண்ணில் படாமல் ஐஸ்க்ரீம் டப்பாவுக்கு அடியில் வைத்துவிடுங்கள்.